காட்டைக் காப்போரைக் காத்தல்: அண்ணாமலை முதல் ஆனைமலை வரை

வேலைக்குப் போகிறவர் அந்த வேலையினாலேயே உயிரையோ உறுப்பையோ இழக்காமல் வீடு திரும்புவதற்குச் செய்யப்படும் ஏற்பாடுகள் அனைத்தையும் பணியிடப் பாதுகாப்பு என்று நிர்வாக வழக்கில் குறிப்பிடுகின்றனர். ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கட்டடத் தொழிலுக்கும் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைப் பற்றித் தொழிலாளர் வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதியுள்ளனர். ஆனால் காட்டையே பணியிடமாகக் கொண்ட பாகன், வனக்காவலர், தீத்தடுப்புக் காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர் ஆகியோரின் உயிர்ப்பாதுகாப்பு எவ்வாறு பேணப்பட்டது, எந்த அளவுக்குப் பேணப்படாமல் விடப்பட்டது என்பது தமிழக வன வரலாற்றில் ஓரத்திலேயே நின்றுவிட்ட ஒரு கேள்வியாகும். முதுமலை, ஆனைமலை, முக்குருத்தி, கிண்டி, மன்னார் வளைகுடா என்று தமிழகத்தில் ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்க, அவற்றுள் ஒன்றுகூட அமையாத திருவண்ணாமலையிலிருந்து இக்கேள்வியை அணுகுவதற்குக் காரணம் உண்டு. மலையேறும் வேலையும் நெருப்போடு புழங்கும் வேலையும் ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருப்பதை அங்கேதான் காண முடிகிறது.

அண்ணாமலை சுமார் 2,668 அடி உயரமுடையது. அதன் கிழக்கு அடிவாரத்தில் அருணாசலேசுவரர் கோயிலும் நகரமும் இருக்க, சுற்றிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஓடுகிறது. பாதைக்கு உள்ளே எழும் சரிவுகள் வனத்துறையின் காப்புக்காடாக உள்ளன. ஆகவே இந்த மலையில் இரண்டு வகையான பணிகள் நெடுங்காலமாக அருகருகே நடந்து வந்துள்ளன. ஒன்று, கார்த்திகை மகாதீபத்துக்கான பணி. மற்றொன்று, மலையைத் தீயிலிருந்து காக்கும் பணி.

தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜகுலத்தார் எனப்படும் மீனவ மரபினருக்கு உரியது. ஆளுயரத்தை ஒட்டிய செப்புக் கொப்பரையைக் கழிகளில் கட்டித் தோள்மாற்றித் தோள்மாற்றி உச்சிக்குக் கொண்டு சேர்ப்பதும், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யையும் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத திரித்துணியையும் மேலேற்றுவதும், பதினொரு நாள் இரவுகளில் தீபம் அணையாமல் பார்த்துக்கொள்வதும் இப்பணியில் அடங்கும். மழைக்காலத்தின் ஈரம் காயாத பாறையில், கையில் பாரத்தோடு, இருட்டுவதற்குள் ஏறி முடிக்க வேண்டிய வேலை இது. விரதம், குல உரிமை, முறைவைப்பு என்று சமயத்தின் சொற்களிலேயே இதற்கான ஒழுங்குகள் சொல்லப்படுகின்றன என்றாலும், அவற்றின் நடைமுறைப் பயனையும் கவனிக்க வேண்டும். எந்தப் பாறையில் கால் வைக்கலாம், எந்த இடத்தில் பாரத்தை இறக்கி மூச்சு வாங்கலாம், காற்று திரும்பினால் கொப்பரைக்கு எந்தப் பக்கம் நிற்பது என்ற அறிவு, ஒரே குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதை அந்தக் குல உரிமை உறுதி செய்தது. புதியவர் ஒருவர் தனியாக இந்த வேலைக்கு அனுப்பப்படுவதில்லை என்பதே, எழுதப்படாத பாதுகாப்பு விதிகளுள் முதலாவதாகக் கருதத்தக்கது.

மற்றொரு பணியாகிய தீத்தடுப்பின் வரலாறு வேறு விதமானது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பலகாலம் பயன்பட்டு, அடிக்கடி தீப்பிடித்து, இருபதாம் நூற்றாண்டில் மொட்டைப் பாறையாகக் காட்சியளித்த இம்மலையில், 1980-களின் இறுதியிலிருந்து உள்ளூர் ஆர்வலர்களும் தொண்டு நிறுவனங்களும் வனத்துறையும் மரக்கன்றுகள் நட்டு வந்ததன் பயனாகப் பல சரிவுகளில் மீண்டும் காடு தலைகாட்டியது. காடு வளர வளர, எரியக்கூடிய பொருளும் கூடவே வளர்ந்தது. மாசி பிறந்தால் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும்; அதில் விழும் ஒரு பீடித்துண்டோ, பக்தர் ஏற்றிவைத்து மறந்த கற்பூரமோ போதுமானது. இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் தீத்தடுப்புக் கோடுகள், அதாவது புல்லையும் சருகையும் வெட்டிப் பெருக்கித் தீ தாண்ட முடியாதபடி அகலமாக ஒதுக்கப்பட்ட வெற்றுப் பட்டைகள், மலையில் இழுக்கப்படுகின்றன.

தீ மூண்டபின் அதை அணைக்கச் செல்பவர் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு பச்சைத் தழைக்கொத்துதான். வண்டியும் குழாயும் ஏற முடியாத சரிவில் புல்தீயைத் தழையால் அடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி குறைவு. இந்த வேலையில் பழகியவர்கள் சில விதிகளை உயிருக்குச் சமமாகப் போற்றுகின்றனர். தீக்கு மேலே நிற்கக் கூடாது என்பது அவற்றுள் தலையானது. சூடான காற்று மேல்நோக்கி எழுந்து, இன்னும் எரியாத புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதால், தீ சரிவில் இறங்குவதைவிட ஏறும்போது பன்மடங்கு வேகம் கொள்கிறது. ஏற்கனவே எரிந்து கருகிய நிலமே தஞ்சம் என்பது இரண்டாவது விதி. வெப்பத்தில் பிளந்த பாறையும், வேர் கருகிப் பிடிப்பிழந்த கல்லும் உருண்டு வரும் என்பதால், ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்கலாகாது என்பது மூன்றாவது. உலகின் எந்தத் தீயணைப்புப் பள்ளியும் கற்பிக்கும் பாடங்கள் இவை; இங்கே அவை பள்ளியின்றிக் கைமாறி வந்துள்ளன.

இந்த அறிவு ஏன் ஏட்டில் ஏறவில்லை என்பதற்கு வனத்துறையின் பிறப்பையே ஆராய வேண்டும். சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்கார்ன் தொழிலால் மருத்துவர். ஆயினும் துறையின் கணக்குகள் கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் வேண்டிய தேக்கையும் விறகையும் சுற்றியே அமைந்தன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டின் எல்லையையும் குற்றங்களையும் தண்டனைகளையும் விரிவாக வகுத்தது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டமோ, காட்டில் மேய்ச்சல் முதலிய உரிமை உடையவர்களும் ஊழியம் பெறுவோரும் தீ மூண்டால் அணைக்க உதவ வேண்டும் என்பதைத் தன் 79-ஆம் பிரிவில் கட்டாயக் கடமையாக்கியது. உதவச் சென்றவர் தீயில் கருகினால் அவருக்கு யார் பொறுப்பு என்பதை அப்பிரிவு சொல்லாமலே விட்டது. கடமை முதலில் எழுதப்பட்டது. அதைச் செய்பவரின் உடல் பிறகும்கூட எழுதப்படவில்லை.

ஆனைமலையில் இதன் விளைவு கண்கூடானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெட்டப்பட்ட தேக்குத் தடிகள் மலை விளிம்பிலிருந்து சமவெளிக்குச் சறுக்கிவிடப்பட்ட இடம் என்பதாலேயே டாப்சிலிப் என்ற பெயர் ஏற்பட்டது. பல டன் எடையுள்ள தடியை யானையால் இழுத்து வந்து சரிவின் வாயில் நிறுத்தித் தள்ளிவிடும் வேலையில், சங்கிலி நழுவினாலோ தடி திசை மாறினாலோ நடுவில் நிற்பவர் தப்புவது அரிது. இதைவிட அதிகமான உயிர்களைக் குடித்தது காட்டுக் காய்ச்சல் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட மலேரியா; வயநாடு, முதுமலை, ஆனைமலை அடிவாரங்களில் வெளியூர்க் கூலிகள் வேலைக்கு வரவே அஞ்சிய பருவங்கள் இருந்தன. அங்கேயே பிறந்து வளர்ந்த மலசர், காடர், குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரை வனத்துறை இவ்வளவு சார்ந்திருந்ததற்கு அவர்களது காட்டறிவு ஒரு காரணம் என்றால், மற்றவர்கள் நிலைக்க முடியாத இடத்தில் அவர்கள் நிலைத்தார்கள் என்பது இன்னொரு காரணம். வெட்டப்பட்ட தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை டாப்சிலிப்பில் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. அவர் அந்த மரியாதைக்கு முற்றிலும் தகுதியானவர். அவரோடு விதை ஊன்றிய கைகளுக்கு அங்கே ஒரு பெயர்ப்பலகையேனும் இருந்திருக்கலாம்.

சட்டம் இவர்களை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வதும் நேர்மையாகாது. வேலையில் காயமோ மரணமோ நேர்ந்தால் முதலாளி ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும் என்று விதித்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தன் இரண்டாம் அட்டவணையில் எந்தெந்தத் தொழிலாளர்கள் அதன்கீழ் வருவர் என்று பட்டியலிட்டது. யானைகளையும் காட்டு விலங்குகளையும் பழக்குவோர், பராமரிப்போர், வேலைவாங்குவோர், அவற்றைப் பிடிக்கும் பணியில் ஈடுபடுவோர், மரம் வெட்டுவோர், ஆற்றுவழியே மரம் கொண்டுசெல்வோர், காட்டுத்தீயைக் கட்டுப்படுத்தி அணைப்போர் ஆகிய அனைவரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். காட்டுவேலை ஆபத்தானது என்பதை அரசு அறிந்தே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இழப்பீடு என்பது நடந்து முடிந்த சாவுக்குக் கொடுக்கும் விலை. சாவு நிகழாமல் தடுக்கும் சட்டங்களாக ஆலைகளுக்கு 1948-லும், தோட்டங்களில் மருத்துவ வசதி உள்ளிட்ட நலன்களுக்கு 1951-லும், சுரங்கங்களுக்கு 1952-லும், கட்டடத் தொழிலாளர்க்கு 1996-லும் தனித்தனிச் சட்டங்கள் வந்தபோது, காட்டுவேலைக்கென்று அத்தகைய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. வால்பாறையில் தேயிலைச் செடிக்கும் காட்டு மரத்துக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்தில் வேலை செய்பவருக்கு மருத்துவமனை சட்டப்படியான உரிமையாக இருக்க, அதே அட்டையும் அதே யானையும் உள்ள மறுபக்கத்தில் வேலை செய்பவருக்கு அந்த உரிமை எழுத்தில் இல்லாமல் போனது.

யானை முகாம்களின் வரலாறு இந்த முரணை மேலும் கூர்மையாக்குகிறது. முதுமலையின் தெப்பக்காடு முகாம் நூறாண்டுப் பழமை கொண்டது. ஆனைமலையில் கோழிக்கமுத்தி முகாம் அதற்கு இணையாக விளங்குகிறது. மரம் இழுப்பதற்காகத் தொடங்கி, பின்னர் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கப்பட்ட கும்கிகளின் இருப்பிடமாக மாறிய இம்முகாம்களில், ஒவ்வொரு யானைக்கும் பணிப்பதிவேடு, உணவு அளவு, சுமை வரம்பு, பேறுகால ஓய்வு, பணி ஓய்வு வயது என்று நெறிமுறைகள் உருவாயின. டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி போன்ற வனக் கால்நடை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் காட்டிலேயே வாழ்ந்து இவற்றை நிலைநிறுத்தினர். 99 நடவடிக்கைகளில் பங்கேற்ற கலீம் என்ற கும்கி 2023 மார்ச்சில் தன் 60-ஆம் வயதில் ஓய்வு பெற்றபோது அதற்கு அணிவகுப்பு மரியாதை தரப்பட்டது. இந்த ஏற்பாடுகளைக் குறைவாகச் சொல்வதற்கில்லை. ஒரு பணியாளரின் உடலைப் பேண வேண்டும் என்ற எண்ணம் காட்டுக்குள் நுழைய முடியும், எழுதி வைக்கப்பட முடியும், தலைமுறை தாண்டி நிற்க முடியும் என்பதற்கு அவையே ஆதாரம். அதே அக்கறை, யானையின் கழுத்தில் அமரும் பாகனுக்கும், அவருக்குத் துணையாகக் கீழே நின்று பணிபுரியும் காவடி எனப்படும் உதவியாளருக்கும் அதே ஒழுங்கோடு வந்து சேரவில்லை என்பதே குறை. தெப்பக்காட்டைக் களமாகக் கொண்ட ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் விருது பெற்ற பிறகுதான், இரு முகாம்களின் 91 பணியாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும், அவர்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி ரூபாயும் தமிழக அரசால் அறிவிக்கப்பட்டன.

கோயில் நகரங்களும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் 2003-இல் முதுமலையில்தான் தொடங்கியது. கோயில் பாகன்களும் காட்டுப் பாகன்களும் ஓரிடத்தில் கூடிப் பழக அது வாய்ப்பளித்தது. முதுமலையில் வளர்க்கப்பட்டுச் சமயபுரம் கோயிலுக்கு வழங்கப்பட்ட மசினி என்ற யானை, 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே தன் பாகனைக் கொன்றது. மீண்டும் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அதே யானை 2023 ஏப்ரலில் அங்கும் ஒரு பாகனின் உயிரைப் பறித்தது. யானையைக் குற்றவாளியாக்குவது அறிவீனம். முன்பே ஒருமுறை நிகழ்ந்து, நன்கு அறியப்பட்டுவிட்ட ஓர் ஆபத்தை அடுத்த பணியாளர் எந்த விலகல் தூரத்தில், எத்தனை பேர் துணையோடு, எந்த வேளையில் அணுகலாம் என்று வகுத்துக் கண்காணிப்பதுதான் பணிப் பாதுகாப்பு வல்லுநர் என்பவரின் வேலை. ஆலைகளில் இப்பொறுப்புக்கு அலுவலர் இருக்கிறார். முகாமில் அது பாகனின் சாமர்த்தியத்துக்கே விடப்பட்டுள்ளது.

தேசியப் பூங்காக்கள் என்ற அமைப்பு 1970-களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்தபோது வேலையின் தன்மையும் மாறியது. கிண்டி 1978-லும், மன்னார் வளைகுடா 1986-லும், ஆனைமலை 1989-லும், முதுமலையும் முக்குருத்தியும் 1990-லும் தேசியப் பூங்காக்களாயின. மரம் வெட்டும் ஆளுக்குப் பதிலாக ரோந்து போகும் ஆள் தேவைப்பட்டார். வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பணியிடம் அப்படித்தான் பெருகியது. சத்தியமங்கலம் காட்டில் வனச்சரகர் சிதம்பரம் 1987-லும், கர்நாடக எல்லையில் வன அதிகாரி பி. சீனிவாஸ் 1991 நவம்பர் 10 அன்றும் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் கும்பலால் கொல்லப்பட்டது, இந்த வேலையில் மனிதராலும் சாவு வரும் என்பதைத் துறைக்கு உணர்த்தியது. விலங்கின் ஆபத்து அன்றாடமானது. ரோந்தில் முன்னே நடக்கும் பழங்குடிக் காவலர் மண்ணைத் தூவிக் காற்றின் போக்கைப் பார்ப்பதும், யானை லத்தியின் சூட்டைக்கொண்டு அது கடந்த நேரத்தைக் கணிப்பதும், மூங்கில் முறியும் ஓசைக்கு அனைவரையும் நிறுத்துவதும் பின்னால் வருபவர்களின் உயிரைக் காக்கின்றன. 2021-இல் மசினகுடிப் பகுதியில் டி23 என்று குறியிடப்பட்ட புலியைக் கொல்லாமல் 21 நாள் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடித்ததில் இத்தகையோரின் பங்கு பெரிது. அவர்களில் பலர் நிரந்தரப் பணியில்லாத தொகுப்பூதியக்காரர்கள்.

மற்ற பூங்காக்களில் ஆபத்தின் முகம் வேறு. முக்குருத்தியில் வரையாடு கணக்கெடுக்கச் செல்பவருக்குப் பகை குளிரும் பனிமூட்டமும் மழையும்தான். அதன் அண்டையிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் படகில் ரோந்து போவோருக்குப் பவளப்பாறையும் திடீர்க் காற்றும் பகை. பூங்கா எல்லையால் வாழ்வாதாரம் சுருங்கிய கடற்பாசி எடுக்கும் பெண்கள் பாதுகாப்புக்காக விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குகின்றனர். ஐந்து பூங்காக்களுக்கும் ஒரே விதிப்புத்தகம் போதாது என்பதும், ஒவ்வொன்றுக்கும் சென்று அங்குள்ளவர்களிடம் கேட்டறிந்து எழுதும் ஒருவர் தேவை என்பதும் இதனால் விளங்கும்.

அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று பயன்படும். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் 1949 ஆகஸ்ட் 5 அன்று மான் கல்ச் என்ற புல்வெளிச் சரிவில் தீ கீழிருந்து மேலேறித் துரத்தியதில் 13 தீயணைப்போர் இறந்தனர். அதன் பிறகும் தொடர்ந்த சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தீயணைப்போர் கடைப்பிடிக்க வேண்டிய பத்துக் கட்டளைகளை அந்நாட்டு வனத்துறை 1957-இல் வெளியிட்டது; தப்பும் வழியை முதலில் தெரிந்துகொள், காவலுக்கு ஒருவரை நிறுத்து என்பன போன்ற எளிய கட்டளைகள்தாம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நேர்ந்த தீயும் காய்ந்த புல்சரிவில் ஏறிய தீயே. மலையேற்றத்துக்கு வந்தவர்களில் 23 பேர் உயிரிழந்தனர். அரசு விசாரணை நடத்தியது, அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. அவை தேவையானவை. எனினும் அவை சுற்றுலாப் பயணியைக் கருதியே எழுதப்பட்டவை. ஒவ்வொரு கோடையிலும் அதே சரிவில் தழைக்கொத்தோடு இறங்கும் தீத்தடுப்புக் காவலருக்கான பாடம் அந்தத் துயரத்திலிருந்து உரிய முறையில் பெறப்படவில்லை.

திருவண்ணாமலையில் அண்மையில் நிகழ்ந்த ஒன்று வேறு பாதையைக் காட்டுகிறது. மகாதீபக் கூட்டத்தில் மலையேறுவோரின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் 2,500 பேர் என்று வரையறுக்கப்பட்டு, கற்பூரம் முதலிய தீப்பற்றும் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீடுகளின்மேல் விழுந்ததில், ஐந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் இறந்தனர். இரண்டு வாரங்களுக்குள், 13-ஆம் நாள், தீபம் வரவிருந்தது. அரசு புவியியல் வல்லுநர்களை மலைக்கு அனுப்பி மண்ணின் நிலையை ஆராயச் செய்து, அவர்களது கருத்தின்பேரில் பக்தர்கள் மலையேறுவதை முற்றிலும் தடுத்தது. கொப்பரையையும் நெய்யையும் சுமந்து செல்வோரும் பணியில் இருப்போரும் மட்டுமே உச்சிக்குச் சென்றனர். தீபம் உரிய வேளையில் ஏற்றப்பட்டது. நூற்றாண்டுகளின் மரபும் முன்கூட்டிய ஆபத்து ஆய்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அன்று நடைமுறையில் மெய்ப்பட்டது. ஒரு திருவிழாவுக்குச் செய்ய முடிந்த இந்த ஆய்வை, ஆண்டு முழுவதும் காட்டில் நடக்கும் ரோந்துக்கும் தீயணைப்புக்கும் யானை மேய்ப்புக்கும் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல. பூங்காக்கள் அனைத்தையும் சுற்றிவரும் பணிப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும், யானைக்கு இருப்பதைப் போலவே ஒவ்வொரு காவலருக்கும் பாகனுக்கும் ஒரு பதிவேடும், அதில் சாவு மட்டுமின்றிச் சிறு காயமும் மயிரிழையில் தப்பிய நிகழ்வும் எழுதப்படும் வழக்கமும், எழுதப்பட்டதைப் பழங்குடிப் பணியாளர்களின் முன்னிலையில் படித்து விவாதிக்கும் கூட்டமும் தொடக்கத்துக்குப் போதுமானவை. அவர்களில் மூத்த தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் வாயால் மட்டுமே சொல்லிவரும் விதிகளை அடுத்த கோடைக்கு முன்பாகவேனும் எழுதத் தொடங்க வேண்டும்.